சாராயக் குத்தகை முதல் அரசுக் கடை வரை: தென்னார்க்காட்டின் மது வரலாறு

கடலூர் மாவட்டத்தின் மது வரலாற்றை அதன் நிலவியலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. நகரின் வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது. பாலத்தைக் கடந்து ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் முள்ளோடையில் புதுச்சேரி எல்லை. மேற்கே சோரியாங்குப்பம் பக்கத்தில் ஆற்றங்கரைக்கே எல்லை வந்துவிடுகிறது. தெற்கே, சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து கடலோரச் சாலையில் போனால், சீர்காழிக்கும் தரங்கம்பாடிக்கும் அப்பால் காரைக்கால். இரண்டு பக்கமும் முதலில் பிரெஞ்சு ஆட்சி, பிறகு யூனியன் பிரதேசம். சென்னையில் இயற்றப்பட்ட மதுச் சட்டம் எதுவானாலும், பக்கத்திலேயே வேறோர் அரசின் வேறொரு சட்டம் இருக்கும் நிலையில்தான் இங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. குத்தகை, முழு விலக்கு, அரசின் தனியுரிமை என்று முறைகள் மாறினாலும் இந்த எல்லை அப்படியே இருக்கிறது.

1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகச் சில ஆண்டுகள் இருந்ததும் இக்கோட்டைதான். சாராயம், வெற்றிலை, புகையிலை ஆகியவற்றை விற்கும் உரிமையை ஆண்டுக்கு இவ்வளவு என்று குத்தகைக்கு விடுவது கம்பெனியின் குடியிருப்புகளில் வழக்கமாக இருந்தது. வணிகம் நொடித்த ஆண்டிலும் தவறாமல் வந்த பணம் அது. 1801-இல் ஆற்காட்டு நவாபின் நிலங்கள் கம்பெனி ஆட்சிக்கு வந்து, கடலூரைத் தலைநகராகக் கொண்டு தென்னார்க்காடு மாவட்டம் உருவானபோது அந்தப் பழக்கம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1820-ஆம் ஆண்டின் முதலாம் ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வடிவம் தந்தது. ‘அப்காரி’ என்ற பாரசீகப் பெயரிலேயே அந்த வருவாய் ஊர்க் கணக்குகளில் எழுதப்பட்டது.

குத்தகை முறை எளிமையானது. அதனாலேயே கேடும் அதில் அதிகம். ஏலத்தில் கூடுதல் தொகை கேட்டவருக்கு ஒரு வட்டாரத்தில் காய்ச்சும் உரிமையும் விற்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தன. அவர் அதைத் துண்டு துண்டாக உள்குத்தகைக்கு விட்டார். அரசுக்குச் சேரவேண்டிய தொகை ஏலத்தன்றே நிச்சயமாகிவிட்டதால், எத்தனை கடை திறந்தது, எவ்வளவு சாராயம் ஓடியது, அதில் என்ன கலந்திருந்தது என்று கேட்கும் தேவை அரசுக்கு எழவில்லை. குத்தகைக்காரருக்கோ போட்ட பணத்தை ஆண்டு முடிவதற்குள் எடுத்தாக வேண்டும். எவ்வளவு விற்றாரோ அவ்வளவு இலாபம்.

இதை மாற்றும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கியது. 1864-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் குறைகளை நீக்கி 1886-இல் சென்னை அப்காரிச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் காய்ச்சுவதை நிறுத்திவிட்டு, அரசு அதிகாரியின் கண்காணிப்பில் நடக்கும் பெரிய வடிசாலையில் மட்டும் சாராயம் எடுப்பது, வெளியே போகும் ஒவ்வொரு காலனுக்கும் வலிமையைப் பொறுத்துத் தீர்வை விதிப்பது, விற்கும் உரிமையைத் தனியாக ஏலம் விடுவது என்பது புதிய ஏற்பாடு. காய்ச்சுபவரும் விற்பவரும் வேறு வேறாயினர். தென்னார்க்காட்டில் இந்த மாற்றம் நெல்லிக்குப்பத்தில் வேரூன்றியது. கடலூருக்கு மேற்கே தென்பெண்ணைக் கரும்பு வயல்களின் நடுவில் பாரி கம்பெனி 1840-களில் தொடங்கிய சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகு வடிசாலைக்கு மூலப்பொருளானது. அதுவரை ஊர்களில் காய்ச்சியது பட்டைச் சாராயம். வெல்லத்தோடு வெள்வேல மரத்தின் பட்டையை ஊறவைத்து எடுப்பது. ஆலைச் சாராயம் அதைச் சட்டப்படியான சந்தையிலிருந்து விரட்டியதே தவிர, ஊறல் போடும் கைப்பழக்கத்தை அழித்துவிடவில்லை. பின்னால் ஒவ்வொரு தடைக்காலத்திலும் அந்தப் பழக்கம் ஊர்ப்புறங்களில் திரும்பத் திரும்ப உயிர்பெற்றது.

கள்ளுக்கு வேறு முறை. தென்னை, பனை மரங்களில் கள் இறக்க எண்ணிக்கைப்படி மரவரி கட்ட வேண்டும். வரி கட்டிய மரத்துக்கு அடையாளம் இடப்படும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் புளிக்காமல் இறக்கும் பதநீருக்கு வரி இல்லை. அப்காரி அதிகாரிகளின் அன்றாட வேலையில் பெரும்பகுதி இந்த மரங்களை எண்ணுவதும் கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்ப்பதும்தான். சிதம்பரம் வட்டத்தின் கடற்கரைப் பனைகளும் கடலூர்த் தோப்புகளின் தென்னைகளும் இப்படித்தான் அரசின் கணக்குப் புத்தகத்தில் ஏறின. 1930-களில் சென்னை மாகாண வருவாயில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்தது. நிலவரிக்கு அடுத்த பெரிய வருவாய் இதுதான். பின்னால் மதுவிலக்கை எதிர்த்த ஒவ்வொருவரும் முன்வைத்த வாதம், இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்பதே.

1921-இன் ஒத்துழையாமை இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல் தமிழ்நாடெங்கும் நடந்தது. மறியலின் அரசியல் கூர்மை அதன் பொருளியலில் இருந்தது. கடையை மூடினால் குடிப்பவரின் வீடு பிழைக்கும், அயல் ஆட்சியின் கருவூலமும் சுருங்கும். 1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்ததும் சென்னை மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை. 1939 அக்டோபரில் வட ஆற்காடு. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் அவ்வகையில் அது முதல் சட்டம். இன்று கடையில் ஒரு சீப்பு வாங்கினாலும் செலுத்தும் வரிக்கு மூதாதை, மதுவை மூடுவதற்காகப் பிறந்த இந்த வரிதான்.

அந்த முதல் நான்கு மாவட்டங்களில் தென்னார்க்காடு இல்லை. ஆகவே 1939-க்குப் பின் கொஞ்சக் காலம், வடக்கே வறண்ட மாவட்டமும் தெற்கே கடை திறந்த மாவட்டமுமாக, எல்லையின் ஈரமான பக்கத்தில் நின்றது தென்னார்க்காடே. அமைச்சரவை விலகியபின் போர்க்கால ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1946-இல் அது மீண்டும் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக விரிந்து, 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதையும் தழுவியது.

அந்த நிறைவை நடத்திவைத்த முதலமைச்சர் இந்த மண்ணின் மனிதர். திண்டிவனம் அருகேயுள்ள ஓமந்தூரில் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்டார். பதவியிலிருந்து விலகிய பிறகு அவர் வடலூருக்கு வந்து சேர்ந்தார். வள்ளலாரின் நெறியைப் பரப்பும் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். கல்விப் பணியும் அறப்பணியுமாக வாழ்ந்து 1970-இல் மறைந்தார். தமிழக மதுவிலக்கு வரலாற்றில் ராஜாஜியின் பெயர் சொல்லப்படும் அளவுக்கு ஓமந்தூராரின் பெயர் சொல்லப்படுவதில்லை. சில மாவட்டங்களில் சோதித்துப் பார்ப்பது ஒன்று. தெலுங்குப் பகுதிகளும் மலபாரும் உள்ளிட்ட ஒரு பெரிய மாகாணத்தின் கருவூலம் முழுவதையும் அந்த முடிவின்மேல் நிறுத்துவது வேறொன்று. அந்தத் துணிவுக்கு உரிய இடத்தை வரலாறு அவருக்குத் தரவேண்டும்.

மதுவிலக்கின் பலனும் இழப்பும் ஒரே ஆளின்மேல் விழவில்லை. கூலி வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று பெண்கள் மகிழ்ந்தார்கள். மரமேறிகள் தொழிலை இழந்தார்கள். அவர்களுக்காகப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் கள்ளுக்கு இருந்த அன்றாடக் கிராக்கி கருப்பட்டிக்கு இல்லை. வசதி உள்ளவர்கள் உடல்நிலையைக் காரணம் காட்டி மருத்துவச் சான்று பெற்று ‘பர்மிட்’ வாங்கினார்கள். அந்த வாசல் கூலித் தொழிலாளிக்குத் திறக்கவில்லை. அவருக்கு இருந்தவை, தோப்பில் போட்ட ஊறலும் ஆற்றுக்கு அப்பாலிருந்த புதுச்சேரியும்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவோடு இணைந்தது, 1962 ஆகஸ்டில் சட்டப்படி ஒன்றானது. சென்னை மாநிலத்தின் மதுவிலக்கு அங்கே நீளவில்லை. 1970-இல் புதுச்சேரி தனக்கென ஓர் ஆயத்தீர்வைச் சட்டம் இயற்றிக்கொண்டது. தனியார் கடைகளுக்கு உரிமம், சாராயக்கடைக்கும் கள்ளுக்கடைக்கும் ஏலம் என்ற அந்த ஏற்பாடு இன்றளவும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் எப்போதோ தடையாகிவிட்ட சாராயம், புதுச்சேரியில் அரசு வடிசாலையிலிருந்தே சட்டப்படி கடைக்கு வருகிறது.

1971 ஆகஸ்ட் 30-ஆம் தேதி மு. கருணாநிதி தலைமையிலான அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு இழப்பீடு தர மத்திய அரசு முன்வந்தது. பல ஆண்டுகளாக அதைக் கடைப்பிடித்துவந்த தமிழ்நாட்டுக்கு அந்த உதவி மறுக்கப்பட்டதை அரசு காரணமாகச் சொன்னது. இருபத்து மூன்று ஆண்டுகளில் ஒரு தலைமுறை கடையைப் பார்க்காமலே வளர்ந்திருந்தது. ராஜாஜி கடுமையாக எதிர்த்தார். 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டு மீண்டும் முழு விலக்கு வந்தது. ஆனால் மூன்றாண்டுகளில் பழகிய நாக்கு சட்டத்தோடு சேர்ந்து திரும்பவில்லை. 1975, 1976 ஆண்டுகளில் விஷச்சாராயச் சாவுகள் மாநிலத்தை உலுக்கின. மரச்சாமான் மெருகுக்கு வைத்திருந்த வார்னிஷைக் குடித்து இறந்தவர்களும் உண்டு.

1981 மே 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சி சாராயத்தையும் கள்ளையும் மீண்டும் அனுமதித்தது. 1983 மே மாதம் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவானது. ஆலைகளிடமிருந்து மது வாங்கிக் கடைகளுக்கு மொத்தமாக விற்பது மட்டுமே அப்போது அதன் வேலை. சில்லறை விற்பனை தனியாரிடம் இருந்தது. 1987 தொடக்கத்தில் சாராயமும் கள்ளும் தடைசெய்யப்பட்டன. 1990-இல் மலிவு விலை மது வந்தது. 1991 ஜூலையில் ஜெயலலிதா அதை நீக்கினார். இத்தனை திருப்பங்களிலும் ஒரு போக்கு தொடர்ந்தது. ஏழைகளின் குடியான சாராயமும் கள்ளும் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட, இந்தியாவில் தயாராகும் அயல்நாட்டு மதுவகைகள் என்று பெயர் பெற்ற பிராந்தி, விஸ்கி, ரம் மட்டும் உள்ளே நின்றன. அவையும் பெரும்பாலும் கரும்பு ஆலைக் கழிவுப் பாகிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தவைதாம். அந்தப் பாகைத் தரும் கரும்பு, நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலையைச் சுற்றிலும் இன்னும் விளைகிறது. விலை குறைந்த கள் போனபின் கூலித் தொழிலாளி குவார்ட்டர் பாட்டிலுக்கு மாறினார். அவர் கூலியில் அதற்குப் போகும் பங்கு பெருகியது.

2001 இறுதியில் பண்ருட்டி வட்டாரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்கள் பெரும்பாலும் உழைத்துப் பிழைத்த ஏழைகள். மெத்தனாலின் வேறுபாடு நாக்குக்குத் தெரியாது. ஈரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறும்போது முதலில் பார்வை மங்கும், பிறகு மூச்சு தடுமாறும். குடித்த சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்தால் மாற்று மருந்தாலும் டயாலிசிஸாலும் காப்பாற்ற முடியும். குற்றத்துக்கு அஞ்சி, வழக்குக்கு அஞ்சி, போதை தெளியட்டும் என்று வீட்டிலேயே படுத்திருப்பவர்கள்தான் இறக்கிறார்கள். தடைச் சட்டத்தின் மிகக் கொடிய பக்கவிளைவு இந்த அச்சம்.

அதே காலத்தில் தனியார் சில்லறை விற்பனையும் சீரழிந்துகொண்டிருந்தது. கடை ஏலத்தில் வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து தொகையை அமுக்கினார்கள். ஏலத்துக்கு மாற்றாக வந்த குலுக்கல் முறையும் பலன் தரவில்லை. 2003-இல் மதுவிலக்குச் சட்டத்தின் 17-சி பிரிவு திருத்தப்பட்டு, மொத்த விற்பனையோடு சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் தனியுரிமையானது. நவம்பர் 29-ஆம் தேதி அரசுக் கடைகள் திறந்தன. மது விற்பது யாருக்கும் அடிப்படை உரிமை ஆகாது, அதைத் தடுக்கவும் தானே நடத்தவும் அரசுக்கு அதிகாரம் உண்டு என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. ஆகவே இந்த மாற்றத்துக்குச் சட்டத் தடை இருக்கவில்லை. 1937-இல் மதுவை ஒழிக்க எழுதிய அந்தச் சட்டத்தின் கீழ்தான் இன்றும் ஒவ்வொரு கடையும் இயங்குகிறது. முகப்பிலிருந்து மதுவிலக்கு என்ற பெயர் நீங்கவில்லை.

இன்றைய அமைப்பை அடுக்காகப் பார்க்கலாம். மேலே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. மாவட்டத்தில் ஆட்சியருக்குக் கீழே உதவி ஆணையர் (ஆயம்). கள்ளச்சாராயத்தையும் கடத்தலையும் பிடிக்கக் காவல்துறையின் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு. வியாபாரத்துக்கு டாஸ்மாக்கின் மாவட்ட மேலாளர், கிடங்கு, கடைகள். கடையில் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர். கடையை ஒட்டிய பாரில் தின்பண்டம் விற்பதற்கும் காலிப் பாட்டில் சேகரிப்பதற்கும் மட்டும் தனியாருக்கு ஒப்பந்தம் விடப்படுகிறது. மன்றங்களுக்கு எஃப்.எல்.2, நட்சத்திர விடுதிகளுக்கு எஃப்.எல்.3 என்று தனி உரிமங்கள் உண்டு. 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயில், பள்ளி, கல்லூரியிலிருந்து 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். நடராசர் கோயிலும் தெருவுக்குத் தெரு சிறு கோயில்களும் மடங்களும் நிறைந்த சிதம்பரம் போன்ற ஊரில் 50 மீட்டர் என்பது மிகக் குறைந்த காப்பு. கோயில் நகரங்களுக்கு இந்த அளவைக் கூட்டுவதுதான் முறை.

ஆண்டில் எட்டு நாள் கடை மூடல். அவற்றில் ஒன்று வள்ளலார் நினைவு நாள். வடலூரில் தைப்பூச ஜோதி காணத் திரளும் கூட்டத்தை நினைத்தால் அதன் பொருத்தம் விளங்கும். 1993-இல் தென்னார்க்காடு பிரிந்தபோது கடலூர் பகுதிக்குத் தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள்.

விற்பனைப் போக்கைச் சில எண்கள் காட்டும். அரசே கடை நடத்தத் தொடங்கிய 2003-04-இல் மதுவால் வந்த வரி வருவாய் சுமார் 3,639 கோடி ரூபாய். 2023-24-இல் 45,855 கோடி. இதில் ஆயத்தீர்வை 10,774 கோடி மட்டும். மீதி 35,081 கோடி மதிப்புக் கூட்டு வரி. அதாவது நாலில் மூன்று பங்கு, பாட்டில் ஆலையை விட்டு வெளியேறும்போது விழுவதில்லை, விற்கும்போது விழுகிறது. மது, சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே இருப்பதால், மாநிலம் தன் விருப்பப்படி விகிதம் வைக்கக்கூடிய மிகச் சில பொருள்களில் இதுவும் ஒன்று. பெட்ரோலும் மதுவும் இல்லாவிட்டால் மாநில நிதியமைச்சர் கையில் வரி ஆயுதமே அநேகமாக இல்லை. கடைகளின் எண்ணிக்கை குறைந்தும் வருவாய் குறையாததற்கு ஒரு காரணம் விலை உயர்வு. 2016-இலும் 2017-இலும் 500 கடைகள் வீதமும், 2023 ஜூனில் 500 கடைகளும் மூடப்பட்டு, எண்ணிக்கை 4,829-ஆக இறங்கியது. வருவாய் ஏறிக்கொண்டேதான் இருந்தது. 2016-இல் காலை 10 மணித் திறப்பு நண்பகல் 12 மணிக்கு மாறியபோதும் அதுதான் நடந்தது. கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதை மதுக் குறைப்பாக எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. பாட்டாளி மக்கள் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கு அது. மக்கள்தொகை 20,000-க்குக் குறைந்த ஊர்களுக்கு 220 மீட்டர் என்று பின்னர் தளர்த்தினார்கள். 2017 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் ஒரே வீச்சில் மூடின. கிழக்குக் கடற்கரையை ஒட்டிப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியே நாகப்பட்டினம் போகும் சாலையும், பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியே கும்பகோணம் போகும் சாலையும் இந்தப் பகுதியின் உயிர்நாடிகள். சாலையிலிருந்து விலகிய கடைகள் ஊர்களுக்குள் இடம் தேடின. அப்போது தமிழ்நாடெங்கும் குடத்தோடும் துடைப்பத்தோடும் தெருவுக்கு வந்து, கட்டி முடிக்காத கடைகளை மறித்தவர்கள் பெண்கள். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. நெடுஞ்சாலை விபத்தைத் தடுக்கப் பிறந்த தீர்ப்பு, கடை எங்கே இருக்கலாம் என்று முடிவு செய்ய ஊருக்கு உரிமை உண்டா என்ற பெரிய கேள்வியைக் கிளப்பிவிட்டது. நகராட்சி எல்லைக்குள் தடை பொருந்தாது என்று அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் விளக்கம் தந்தபின் பல கடைகள் பழைய இடங்களுக்குத் திரும்பின. அந்தக் கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை.

அரசுத் தனியுரிமை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தில் 1984 முதல் அரசுக் கழகம் விற்கிறது. நார்வேயில் 1922 முதலும் பின்லாந்தில் 1932 முதலும் அரசு நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா உள்ளிட்ட 17 மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் மது வணிகத்தைத் தம் கையில் வைத்திருக்கின்றன. இந்த எண்ணத்தின் ஊற்று ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரம். 1865-இல் அங்கே மதுக்கடைகளை ஒரு பொது நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். பங்குதாரருக்கு வரம்புக்கு உட்பட்ட வட்டி மட்டும், மிச்சம் ஊர்ப் பொதுநலனுக்கு. விற்பவருக்கு விற்பனையைப் பெருக்குவதில் ஆதாயம் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர்க்கருத்து. 1955-இல் தொடங்கிய ஸ்வீடனின் சிஸ்டம்போலாகெட் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை, தள்ளுபடி தருவதில்லை. டாஸ்மாக் அந்த உடலை எடுத்துக்கொண்டது, உயிரை எடுத்துக்கொள்ளவில்லை. மாநில வரவு செலவுத் திட்டமே அதன் விற்பனையை நம்பியிருக்கும்போது, குடியைக் குறைப்பது அதன் இலக்காக இருக்க முடியாது.

இங்கேதான் எல்லை மீண்டும் குறுக்கிடுகிறது. புதுச்சேரியில் வரி குறைவு, கடைகள் அதிகம். அதே ஆலையில் தயாரான, அதே பெயர் கொண்ட பாட்டில் ஆற்றுக்கு அப்பால் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதனால் முள்ளோடை, கன்னியக்கோயில், சோரியாங்குப்பம் பகுதிக் கடைகள் கடலூர்க்காரர்களை நம்பி வளர்ந்தன. கடலூர் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் இரு சக்கர வண்டிகளின் பெட்டியும் பேருந்துப் பயணிகளின் பையும் திறந்து பார்க்கப்படுவது அன்றாடக் காட்சி. சிதம்பரத்துக்கு வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால் என்று இரண்டு வாசல். கைதாகிறவர்களில் பெரும்பாலோர் நாலைந்து பாட்டில்களைக் கூலிக்குக் கடத்தும் ஏழைகள். பின்னாலிருந்து பணம் போடுபவர்கள் அரிதாகவே அகப்படுகிறார்கள்.

விலை வேறுபாடுதான் கடத்தலின் வேர் என்பதை 2020 காட்டியது. பெருந்தொற்று ஊரடங்குக்குப் பின், மே மாதம் கடைகளைத் திறந்தபோது புதுச்சேரி அரசு சிறப்பு வரி விதித்து, தன் மது விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு இணையாக உயர்த்தியது. தமிழ்நாட்டிலும் விற்கும் மதுவகைகளுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே விலை. குறைந்த விலையை நாடி எல்லை கடக்க அப்போது காரணமே இருக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த வரி விலக்கப்பட்டதும் பழைய வேறுபாடு திரும்பியது. இரண்டு அரசுகளும் பேசி ஒரு பொதுவான குறைந்தபட்ச விலை வைக்க முடியும் என்பதற்கு நடைமுறைச் சான்று அந்த ஓராண்டு. அதை நிரந்தரமாக்காமல் விட்டது பெரிய தவறு.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 14 பேர் இறந்தனர். செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதே நாள்களில் சாவுகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் மருத்துவமனைகளும் புதுச்சேரி ஜிப்மரும் நிரம்பின. பண்ருட்டி, மரக்காணம், கள்ளக்குறிச்சி மூன்றும் பழைய தென்னார்க்காட்டு ஊர்கள். மேற்கே கல்வராயன் மலையின் ஊறல், கிழக்கே புதுச்சேரி, இடையில் அரசுக் கடையின் மிகக் குறைந்த குவார்ட்டரே 140 ரூபாய் ஆன விலை நிலை. அதை வாங்க இயலாத கூலித் தொழிலாளி பாக்கெட்டை நாடுகிறார். விலையை உயர்த்துவது நலவாழ்வுக் கொள்கைக்கு உகந்ததே. ஆனால் அடித்தட்டில் கள்ளச்சாராயத்தை அடக்காமல் விலையை மட்டும் உயர்த்தினால், அந்தக் கொள்கையின் சுமை மிக ஏழையின் உயிர்மேல் விழுகிறது.

கருணாபுரம் சாவுகளுக்குப் பின் அதே மாதம் சட்டப்பேரவை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. சாவுக்குக் காரணமான கள்ளச்சாராயத்தைக் காய்ச்சியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று தண்டனை கடுமையானது. நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைந்தது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்திய புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.